நடுமூளை ரத்தக் கசிவுக்குப் பின் வந்த கைநடுக்கம்: ஆபரேஷன் எப்போது, எந்த இடத்தில்?

காரைக்குடி பிசியோ

வணக்கம். நோயாளி வயது 48, வலது கைப் பழக்கம், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளி. 14 மாதம் முன் ரத்தக் கொதிப்பால் இடது நடுமூளையில் ரத்தக் கசிவு. வலது கை, கால் பலவீனம் நன்றாகத் தேறிவிட்டது. கைப்பிடி பலம் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. இடது இமை மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

கசிவுக்கு ஐந்து மாதம் கழித்து வலது கையில் நடுக்கம் தொடங்கியது. கை மடியில் கிடக்கும்போதே இருக்கிறது. நொடிக்கு மூன்று, நான்கு தடவை, மெதுவான பெரிய ஆட்டம். கையை நீட்டினால் கூடுகிறது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகையில் தோளிலிருந்தே தூக்கி அடிக்கிறது. மணிக்கட்டில் 500 கிராம் எடைப் பட்டை கட்டிப் பார்த்தாயிற்று, பெரிய மாற்றம் இல்லை. புரோப்ரனலால் 40 மி.கி. மூன்று வேளை, குளோனசிபாம் 0.5 மி.கி. இரண்டு வேளை, தூக்கம்தான் அதிகம். கசிவின்போது வலிப்பு வராமலிருக்கத் தொடங்கிய வால்புரோயேட் 500 மி.கி. இரண்டு வேளை இன்னும் ஓடுகிறது. வலிப்பு ஒரு தடவைகூட வந்ததில்லை.

வீட்டார் கேட்பது: மூளையில் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் ஆபரேஷன் (டிபிஎஸ்) இவருக்குப் பொருந்துமா? அதே இடத்தைச் சூடு வைத்துச் சுட்டுவிடுவது மலிவு என்கிறார்களே, அது போதுமா? செய்தால் மறுபடி கண்ணாடித் தட்டில் அச்சு வைத்துச் சாயம் ஊற்ற முடியுமா?

மதுரை நரம்பியல்

நீங்கள் சொல்வது ஹோம்ஸ் நடுக்கம். கார்டன் ஹோம்ஸ் 1904-ல் விவரித்தது. ஓய்வில் ஆட்டம், நீட்டினால் கூடுதல், செயலில் உச்சம், நொடிக்கு நாலரைக்கும் கீழான வேகம், பாதிப்புக்கும் நடுக்கத்துக்கும் நடுவே சில வாரம் முதல் இரண்டு வருடம் வரை இடைவெளி: எல்லாம் ஒத்துப்போகிறது. இடது இமை இறக்கமும் வலது கை நடுக்கமும் சேர்ந்தால் இடது நடுமூளையைத்தான் காட்டும். சிறுமூளையிலிருந்து தாலமஸுக்கு (மூளையின் நடுவே செய்திகளைக் கைமாற்றும் பகுதி) போகும் பாதை, டோபமின் பாதை இரண்டும் அங்கே அடிவாங்கியிருக்கும். அதனால்தான் பார்க்கின்சன் மாதிரி ஓய்வு நடுக்கமும் சிறுமூளை நடுக்கமும் ஒரே கையில் வருகின்றன.

ஆபரேஷன் பேச்சுக்கு முன் மூன்று வேலை பாக்கி.

முதலில் வால்புரோயேட். அதுவே நடுக்கம் தரும் மருந்து, இருக்கிற நடுக்கத்தையும் கூட்டும். வலிப்பே வராதவருக்கு 14 மாதமாக ஏன் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். சட்டென்று நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது லெவோடோபா, மூளையில் டோபமினாக மாறும் மருந்து. புரோப்ரனலால் இந்த வகை நடுக்கத்துக்குச் சரியாகக் கேட்காது, ஆனால் லெவோடோபா ஒரு பகுதியினருக்கு நன்றாகவே கேட்கிறது. பெரும்பாலும் நடக்கிற தப்பு, நாளுக்கு 300 மி.கி. இரண்டு வாரம் கொடுத்துவிட்டு "பலனில்லை" என்று எழுதிவிடுவது. 100/25 மாத்திரையில் அரை அரையாக மூன்று வேளை தொடங்கி, வாரம் ஒரு படி ஏற்றி, நாளுக்கு 600 முதல் 900 மி.கி. வரை போய், அங்கே ஒரு மாதம் நின்று பார்த்த பிறகுதான் தீர்ப்பு. குமட்டலுக்கு டோம்பெரிடோன். எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் விழுகிறதா என்று ஒவ்வொரு படியிலும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு டிரைஹெக்ஸிபெனிடில், லெவெடிராசிடாம், டோபிராமேட் என்று ஒவ்வொன்றாக. நாலைந்தை ஒரே சமயத்தில் கொட்டினால் எது கேட்டது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

மூன்றாவது, புதிதாக ஒரு எம்.ஆர்.ஐ. பழைய ரத்தக் கறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, தாலமஸின் அடிப்பகுதி தப்பியதா, முகுளத்தில் ஆலிவ் பகுதி வீங்கி வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவருக்குக் காரணம் தெளிவு. பொதுவாக இந்த மாதிரி நடுக்கத்தோடு வரும் இளவயதுக்காரர் எவருக்கும் வில்சன் நோய்க்கான (உடலில் செம்பு சேரும் நோய்) ரத்தச் சோதனை செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண்ணில் பச்சை வளையம் பார்க்காமல் ஆபரேஷன் அறைக்கு அனுப்பவே கூடாது. நம் ஊரில் காசநோய்க் கட்டியும் இதே இடத்தில் உட்காரும். அது மருந்திலேயே கரையும்.

உங்கள் கையால் ஒரு சோதனை வேண்டும். வலது முழங்கையை மேஜையில் ஊன்றவைத்து, தோளை நீங்கள் பிடித்துக்கொண்டு, மேஜையில் வைத்த ஒரு புள்ளியைத் தொடச் சொல்லுங்கள். தாங்கல் கிடைத்ததும் ஆட்டம் குறைந்து விரல் சரியாகப் போய்த் தொடுகிறதா? அல்லது ஆட்டம் குறைந்தும் இலக்கைத் தாண்டிப் போகிறதா? தாண்டிப் போனால் அது நடுக்கம் இல்லை, சிறுமூளைத் தடுமாற்றம். உள்ளங்கை, புறங்கை மாற்றி மாற்றித் தட்டச் சொல்லியும் பாருங்கள். வீட்டார் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதில் இந்தச் சோதனையில்தான் இருக்கிறது.

ஸ்டீரியோடாக்டிக் மேஜை

மேலே டாக்டர் சொன்னது முடிந்து, நடுக்கம் தொடங்கி ஒரு வருடம் வரை காத்திருந்தும் சாப்பாடு, குளியல், உடை எதுவும் தானாக முடியவில்லை என்றால் ஆபரேஷன் நியாயம். அவசரப்பட வேண்டாம் என்பதற்குக் காரணம், இவ்வகை நடுக்கம் சிலருக்குத் தானாகக் குறைவதுண்டு. தலைக்காயத்துக்குப் பிறகு வருவதில் குறிப்பாக.

எங்கே வைப்பது என்பதுதான் இந்த நோயில் உண்மையான சிக்கல். பார்க்கின்சன் நடுக்கத்தில் மூளையின் அமைப்பு கலையாமல் இருக்கும். இங்கே ஏற்கெனவே ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது, அதுவும் நாம் கம்பி இறக்கும் அதே பக்கத்தில். இவருக்கு வலது கை, ஆக இடது தாலமஸ்; கசிவும் இடது நடுமூளையில். கம்பியின் நுனியிலிருந்து பழைய கறை சில மில்லிமீட்டர்தான். ரத்தக் கறையைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வரிசை இல்லாமல் பாதை வரையக் கூடாது.

வழக்கமான இலக்கு தாலமஸின் விம் பகுதி. சிறுமூளைச் செய்தி வந்து இறங்கும் இடம் அது. மூளையின் இரு பாதியையும் சேர்க்கும் முன், பின் இணைப்புகளுக்கு இடையே கோடு போட்டால் பின் இணைப்பிலிருந்து 5 முதல் 6 மி.மீ. முன்னால், ஆழம் அந்தக் கோட்டின் மட்டத்தில். பக்கவாட்டு அளவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நடுக்கோட்டிலிருந்து 13 அல்லது 14 மி.மீ. என்று புத்தக அளவை அப்படியே வைத்தால், மூளை சுருங்கி நடுவிலுள்ள நீர் அறை (மூன்றாம் அறை) அகன்றிருப்பவருக்கு இலக்கு உள்பக்கமாக விழுந்துவிடும். அறையின் சுவரிலிருந்து 11 மி.மீ. என்று அளக்க வேண்டும். விம்முக்குள் முகம் உள்பக்கம், கால் வெளிப்பக்கம், கை நடுவில். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளினாலே கைக்குப் பதில் உதடு மரத்துப்போகும்.

விம் விரல் நடுக்கத்தை நன்றாக அடக்கும். தோளிலிருந்து அடிக்கும் பெரிய ஆட்டத்துக்கு அது மட்டும் பல சமயம் போதாது. அப்போது கம்பியைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மின்சாரம் தரும் மேல் முனைகள் தாலமஸின் முன்பகுதியான வி.ஓ.பி.யிலும் கீழ் முனை தாலமஸுக்கு அடியிலுள்ள நார்க்கட்டிலும் உட்காருகிற மாதிரி பாதை போடுவோம். தாலமஸே சிதைந்திருந்தாலோ, ஓய்வு நடுக்கமும் கை முறுக்கலும் தூக்கலாக இருந்தாலோ ஜி.பி.ஐ. (தாலமஸுக்கு வெளிப்பக்கம், அசைவை அடக்கிவைக்கும் பகுதி) நல்ல இடம். ஹோம்ஸ் நடுக்கத்துக்கென்று பெரிய ஒப்பீட்டு ஆய்வு கிடையாது, சிறு தொகுப்புகள்தான். அவற்றில் ஜி.பி.ஐ.யின் பலன் விம்முக்குக் குறைந்ததாக இல்லை. ஆகவே எம்.ஆர்.ஐ.யைப் பார்க்காமலேயே "விம்தான்" என்று முடிவுசெய்யும் இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

இனி கம்பியா, சூடா. 2000-ல் வெளியான டச்சு ஆய்வு ஒன்றில் 68 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் 10 பேர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நடுக்கக்காரர்கள். நடுக்கத்தை அடக்குவதில் இரண்டும் சமம். பக்க விளைவு குறைவும் அன்றாடச் செயலில் முன்னேற்றமும் கம்பிக்கு. காரணம் எளிது: கம்பி தந்த பேச்சுக் குழறலை மின்சாரத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம், சுட்ட இடத்தைத் திரும்பப் பெற முடியாது. ஏற்கெனவே அடிபட்ட மூளைக்கு இது இன்னும் பெரிய வித்தியாசம், ஏனென்றால் ஈடுகட்ட அங்கே மிச்சம் குறைவு.

அதற்காகச் சூட்டை மட்டமாகப் பேச மாட்டேன். உடலுக்குள் பொருள் எதுவும் தங்காது, பேட்டரி மாற்ற வேண்டாம், அடிக்கடி மருத்துவமனைக்கு வர வேண்டாம். செலவு கம்பி வைப்பதில் ஒரு சிறு பங்குதான். கம்பியும் பேட்டரியும் பல லட்சம் பிடிக்கும், ரீசார்ஜ் வகை இன்னும் கூடுதல். தமிழ்நாட்டுக்கும் இது புதிதில்லை; 1960-களிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி குழுவினர் ஸ்டீரியோடாக்டிக் முறையில் (தலையில் சட்டம் மாட்டி, இலக்கை அளந்து இறங்குவது) நடுக்கத்துக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஒரே கை, பேச்சும் விழுங்குதலும் நன்றாக இருக்கிறது, தொடர்ந்து வந்துபோக வசதியில்லை என்றால் சூடும் சரியான முடிவே. முதலில் 45 டிகிரி அளவில் ஒரு நிமிடம் சோதனைச் சூடு, அது திரும்பிவிடும். அந்த நேரத்தில் பேசச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, விரலில் உணர்ச்சி பார்த்து, எல்லாம் சரி என்றால் 70 டிகிரி, 60 நொடி. இரண்டு பக்கமும் சுடக் கூடாது. பேச்சும் விழுங்குதலும் போய்விடும்.

ஆபரேஷன் நாளில் கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில். எம்.ஆர்.ஐ.யை ஆட்டத்தோடு எடுத்துப் படம் கலங்கியிருக்கும். முதல் நாளே மயக்கம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் தலையில் சட்டம் மாட்டி சி.டி. மட்டும் எடுத்து இரண்டையும் கணினியில் பொருத்துவது நல்லது. சட்டம் மாட்டும்போது தூக்க ஊசி அதிகமானால் நடுக்கம் அடங்கிவிடும். பிறகு எதை வைத்துச் சோதிப்பது? ரத்த அழுத்தம் 140-க்கு மேல் ஏறவே விடக் கூடாது, இவர் கொதிப்பினால் கசிந்தவர். மூளைக்குள் கம்பி செலுத்துகையில் கசிவு பொதுவாக 100-க்கு 1 முதல் 3 பேருக்கு வருகிறது. சுருங்கிய மூளையில் ஓட்டை போட்டதும் நீர் வடிந்து மூளை கீழே இறங்கும், இலக்கும் சேர்ந்து நகரும். தலையை உயர்த்தி வைத்து, மூளை உறையைச் சிறிதாகத் திறந்து, உடனே பசையால் அடைக்க வேண்டும்.

சோதனை மின்சாரம் 130 ஹெர்ட்ஸ், 60 மைக்ரோ செகண்ட், அரை அரை மில்லி ஆம்பியராக ஏற்றுவது. குறைந்த மின்சாரத்திலேயே விரலிலும் உதட்டிலும் விறுவிறுப்பு வந்து நின்றுவிட்டால் கம்பி பின்னால் போயிருக்கிறது. முகம் இழுத்து வாய் குழறினால் வெளிப்பக்கம் போயிருக்கிறது. கம்பி இறங்கிய உடனேயே, மின்சாரம் கொடுக்காமலே நடுக்கம் நின்றுவிடுவதும் உண்டு. குடும்பத்தார் அழுது கும்பிடும் நேரம் அது. ஆனால் அது வீக்கத்தால் வந்த தற்காலிகப் பலன். சில நாளில், சில வாரத்தில் நடுக்கம் திரும்பும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று மனம் உடைந்துபோவார்கள்.

காரைக்குடி பிசியோ

மிக்க நன்றி, இரண்டு டாக்டர்களுக்கும். நேற்று சோதித்தேன். முழங்கை ஊன்றியதும் ஆட்டம் பாதிக்கும் கீழே வந்தது. விரல் புள்ளியைத் தாண்டி ஒன்றிரண்டு செ.மீ. போய்த் திரும்பி வருகிறது, பத்தில் ஏழு தடவை. கை மாற்றித் தட்டுவது மெதுவாகவும் தாளம் பிசகியும் இருக்கிறது. இடது கை சரியாக இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. மண்டையைத் திறக்காமல் ஒலி அலையால் செய்வதாக வீட்டில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார்கள், அது இவருக்கு ஆகுமா? கம்பி வைத்த பிறகு என் தரப்பில் எதெல்லாம் செய்யக் கூடாது? இவருடைய தோள் வலிக்கு ஷார்ட்வேவ் டயதெர்மி (மின் அலையால் உள்ளே சூடேற்றும் சிகிச்சை) ஓடிக்கொண்டிருக்கிறது.

கதிர் அறை

ஒலி அலை முறையும் சூடு வைப்பதுதான். வழி மட்டும் வேறு. தலைக்கவசம் மாதிரியான கருவியில் 1024 ஒலிமுனைகள் ஒரே புள்ளியில் குவிந்து 55 முதல் 60 டிகிரி வரை ஏற்றும், எம்.ஆர்.ஐ.க்குள்ளேயே வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு. அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது பரம்பரையாக வரும் சாதாரணக் கைநடுக்கத்துக்கு. மூளைப் பாதிப்பால் வந்த நடுக்கத்தில் அனுபவம் சொற்பம். திரும்பப் பெற முடியாது என்ற குறை இதிலும் அப்படியே இருக்கிறது. தலையை முழுசாக மழிக்க வேண்டும், சில மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். இன்னொரு வடிகட்டி மண்டை எலும்பு: சி.டி.யில் எலும்பின் அடர்த்தி விகிதம் 0.4-க்குக் கீழே இருந்தால் ஒலி உள்ளே போகாமல் எலும்பே சூடாகும். முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

காமா நைஃப் (கதிர்வீச்சை ஒரே புள்ளியில் குவித்து அந்த இடத்தை அழிப்பது) என்று யாராவது சொன்னால்: 4 மி.மீ. கதிர், 130 முதல் 140 கிரே, ஒரே தடவை. ரத்தம் உறையாத மருந்தை நிறுத்தவே முடியாதவர்களுக்கு அது உதவும். பலன் தெரிய மாதங்கள் ஆகும், மின்சாரம் கொடுத்துச் சோதிக்க வழியில்லை. இவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

டிபிஎஸ் செவிலி

தம்பி, டயதெர்மி பற்றிக் கேட்டது மிக நல்லது. கம்பி வைத்தவருக்கு ஷார்ட்வேவ், மைக்ரோவேவ், சிகிச்சை அல்ட்ராசவுண்ட் மூன்றும் உடம்பில் எந்த இடத்திலும் கூடாது. தோளுக்கும் கூடாது, முழங்காலுக்கும் கூடாது, கருவியை அணைத்து வைத்தாலும் கூடாது. கம்பி வழியே சூடு மூளைக்குள் போய் நிரந்தரச் சேதமும் உயிரிழப்பும் நடந்திருக்கிறது. அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள், நாளைக்கு வேறு யாராவது தோள் வலிக்குச் செய்துவிடக் கூடாது. கழுத்தை இழுக்கும் டிராக்ஷனும் வேண்டாம். காதுக்குப் பின்னால் இறங்கும் வயர் அங்கேதான் இழுபடும். வெந்நீர் ஒத்தடம், கை அசைவு, எடைப் பட்டை எல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

பேட்டரி காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும். டைல்ஸ் வேலைக்காரர் என்கிறீர்கள். எந்தத் தோளில் மூட்டை, பலகை தூக்குவார் என்று ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால் மறுபக்கம் வைப்பார்கள். முதல் நாலைந்து வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம். காதுக்குப் பின்னாலும் நெஞ்சிலும் தோல் சிவந்து மினுங்கினாலோ நீர் கசிந்தாலோ அன்றைக்கே வண்டி ஏற்றுங்கள். மஞ்சள் பூசிக் காத்திருக்கக் கூடாது. கிருமி கம்பி வழியே மேலே ஏறினால் மொத்தத்தையும் எடுக்க வேண்டி வரும்.

மின்சாரத்தை இரண்டு, மூன்று வாரம் கழித்து, வீக்கம் வற்றிய பிறகுதான் தொடங்குவோம். கம்பியிலுள்ள நாலு முனையையும் தனித்தனியாகப் பார்த்து, எவ்வளவில் நடுக்கம் நிற்கிறது, எவ்வளவில் பேச்சு குழறுகிறது என்று இரண்டு எண்ணையும் எழுதுவோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவருக்குக் கிடைக்கும் வசதி. ஹோம்ஸ் நடுக்கத்தில் அது குறுகலாக இருப்பதால் முதல் ஆறு மாதத்தில் பல தடவை வர வேண்டியிருக்கும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கே ஒரு தடவைக்கு ஒரு நாள் வேலை போகும், கூட ஒருவரும் வர வேண்டும். சென்னை என்றால் விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறினாலும் அன்றைக்கே திரும்ப முடியாது. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆபரேஷன் செய்பவர் யார் என்று கேட்பதோடு, மின்சார அளவு வைப்பவர் அங்கேயே நிரந்தரமாக இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

சாதாரணப் பேட்டரி 3 முதல் 5 வருடம். ஹோம்ஸ் நடுக்கத்துக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்பட்டால் அதற்கு முன்பே தீரும். ரீசார்ஜ் வகை 15 வருடம் போகும். ஆனால் நெஞ்சில் சார்ஜரைச் சரியாகப் பொருத்தி உட்கார வீட்டில் ஒருவர் பழகியிருக்க வேண்டும். கரண்ட் போகும் நாளுக்காகச் சார்ஜரை எப்போதும் ஏற்றியே வையுங்கள். இண்டக்ஷன் அடுப்பு, பெரிய ஒலிபெருக்கி இவற்றிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும். விமான நிலையத்திலோ மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலிலோ கருவி அட்டையைக் காட்டிவிட்டால் போதும். சோதனைக் கதவில் நின்றுகொண்டிருக்க வேண்டாம். பின்னால் எப்போது எம்.ஆர்.ஐ. எடுப்பதானாலும், பல்லுக்கோ குடலுக்கோ ஆபரேஷன் என்றாலும், கருவி இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மதுரை நரம்பியல்

உங்கள் சோதனைக்கு நன்றி. நடுக்கமும் தடுமாற்றமும் இரண்டும் இருக்கின்றன. ஆபரேஷன் முதலாவதைக் குறைக்கும், இரண்டாவதைத் தொடாது. சில சமயம் நடுக்கம் விலகியதும் தடுமாற்றம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஊன்றினால் ஆட்டம் பாதிக்கு மேல் குறைகிறது, தாண்டல் ஒன்றிரண்டு செ.மீ.தான் என்பதால் இவர் ஆபரேஷனுக்கு ஏற்றவர் என்றே நினைக்கிறேன்.

வீட்டாரிடம் இப்படிச் சொல்லுங்கள். பலன் கிடைத்தால் சோறு பிசைந்து தானே சாப்பிடலாம், முக்கால் டம்ளர் காப்பியை இரண்டு கையால் பிடித்துக் குடிக்கலாம், வேட்டி கட்டலாம், சட்டைப் பொத்தான் நேரம் எடுத்துப் போடலாம். அச்சின் சிறு அறைக்குள் சாயம் வழியாமல் ஊற்றுவதற்கு அரை செ.மீ. துல்லியம் வேண்டும், அது வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அச்சைத் தூக்கிய பிறகு சிமெண்ட் மணல் தூவுவது, தண்ணீர்த் தொட்டியில் கல் அடுக்குவது, இடது கையை முதன்மையாக்கிச் செய்யும் வேலைகள் சாத்தியம். இடது கைப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம், ஆபரேஷனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வால்புரோயேட் குறைப்பு முடிந்து, லெவோடோபா முழு அளவில் ஒரு மாதம் போன பிறகு வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரே நாற்காலி, ஒரே டம்ளர், காலை மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து. கை மடியில் ஒரு நிமிடம், நீட்டி ஒரு நிமிடம், ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, சுருள் கோடு வரைவது, தன் பெயர் எழுதுவது. சிந்திய தண்ணீரைச் சமையல் தராசில் நிறுத்துக் குறித்தால் இன்னும் நல்லது. இந்த மாதம் ஒன்று, மருந்துக்குப் பிறகு ஒன்று: இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் ஸ்டீரியோடாக்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதுவேன்.

காரைக்குடி பிசியோ

டயதெர்மியை இன்றோடு நிறுத்திவிட்டு வெந்நீர் ஒத்தடத்துக்கு மாற்றியாயிற்று. முதல் வீடியோ நாளைக் காலை எடுக்கிறேன். லெவோடோபா இன்னும் தொடங்கவில்லை, அதனால் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து என்று நேரத்தை நிலையாக வைத்துக்கொள்கிறேன்; மருந்து தொடங்கியதும் டாக்டர் சொன்னபடி மாத்திரை நேரத்தை வைத்து.